எனக்கு முதுகில் கண் இல்லை

திருகோணமலை நிலாவெளிக் கடலில் குளிக்க இப்போது நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது, முதுகிலும் ஒரு சோடிக் கண் முளைக்க வேண்டும். முன்னால் வரும் அலையைப் பார்ப்பதா, பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பதா, பின்னால் உரசிக்கொண்டு போகும் ஜெட் ஸ்கியைப் பார்ப்பதா?

சொல்லியே ஆகவேண்டும், வயிறு எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இடுப்பளவு தண்ணீரில், கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் பிள்ளை நின்றாள். ஒரு பொடியன் ஜெட் ஸ்கியில் வந்தான். கரையில் நின்ற கூட்டாளி ஃபோனில் வீடியோ எடுக்கிறான், இவன் அதற்காக வளைத்து வளைத்து ஓட்டுகிறான். கடைசி வளைவில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தால் போனான். நான் கத்திய கத்தில் நிறுத்தினான். நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "அண்ணை, கடல் எல்லாருக்கும் பொதுதானே."

பொதுதான் தம்பி. உட்துறைமுக வீதியும் பொதுதான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அங்கே பிள்ளைகளுக்கு நடுவால் மோட்டார் சைக்கிளை இப்படி வளைத்து ஓட்டிக் காட்டு, பார்ப்போம்.

அவன் சொன்னதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு அம்மா சொன்னதுதான் இன்னும் காதுக்குள் நிற்கிறது. "பிள்ளையை அங்கால விட்டது உங்கட பிழைதானே." இப்படித்தான் இருக்கிறது எங்கள் நியாயம். எஞ்சின் வைத்திருப்பவன் எப்படியும் வருவான், வெறும் உடம்போடு நிற்பவன்தான் விலக வேண்டும். அடிபட்டாலும் "நீ ஏன் அங்கே நின்றாய்" என்றுதான் முதல் கேள்வி வரும்.

அன்றைக்கு என்னோடு மச்சானும் நின்றார். சுவிஸில் இருந்து லீவுக்கு வந்தவர். அங்கே போய்ப் பல வருடம், பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் பனிச்சறுக்குப் பழகிவிட்டார். அவருக்கு என்னைவிடக் கோபம். "அங்க மலையில இப்பிடிச் செய்தா மலைக்கு ஏத்திற லிஃப்ட் பாஸைப் பறிச்சுப்போட்டு இறக்கி விட்டிடுவாங்கள் மச்சான்" என்றார். பனியைக் கண்ணால் காணாத எனக்கு அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று முதலில் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது, பிரச்சினை ஒன்றேதான்.

சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம் சரிவுகளில் எப்படி நடந்துகொள்வது என்று 10 விதிகள் வைத்திருக்கிறது. 1967இல் வந்தவை. அதில் மூன்றாவது விதி இதுதான்: பின்னாலிருந்து வருபவர், முன்னால் இருப்பவருக்கு ஆபத்து வராதபடி தன் பாதையைத் தெரிவு செய்யவேண்டும். மேலிருந்து வருபவனுக்குக் கீழே இருப்பவன் தெரிகிறான். கீழே இருப்பவனுக்கு மேலே என்ன வருகிறது என்று தெரியாது. ஆகவே பொறுப்பு பார்க்கக்கூடியவனிடம். முன்னால் போகிறவன் இடம் வலம் எப்படித் திரும்பினாலும் அது அவன் உரிமை. முந்துகிறவன்தான் அதற்கும் சேர்த்து இடம் விட்டுப் போகவேண்டும். அதற்கு முந்திய இரண்டாவது விதி, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கும் கூட்டத்துக்கும் தக்கதாக வேகத்தை வைத்திரு என்கிறது. கூட்டம் கூடினால் வேகம் குறையவேண்டும். இதற்கு ஒரு பட்டம் படிக்க வேண்டுமா?

அங்கே எல்லாரும் உத்தமர் என்று நினைக்க வேண்டாம். நத்தாரிலிருந்து புத்தாண்டு வரையும், மாசி மாத விடுமுறையிலும் சரிவுகளில் சனம் நெருக்கியடிக்குமாம். மத்தியானம் மலைமேல் கடையில் இரண்டு பியரைப் போட்டுவிட்டு அம்பு மாதிரி இறங்குகிறவர்களும், மேட்டுக்குக் கீழே மேலிருந்து வருபவருக்குத் தெரியாத இடத்தில் கும்பலாக நின்று படம் எடுக்கிறவர்களும் உண்டாம். ஆசிரியருக்குப் பின்னால் வரிசையாக வரும் சின்னப் பிள்ளைகளுக்குக் குறுக்கால் பாய்கிறவர்களும் இருக்கிறார்களாம். மச்சானையே ஒருவன் இடித்து விழுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் போயிருக்கிறான். மடையர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே நீதிமன்றம் வரை போனால் இந்த விதிகளை வைத்துத்தான் யார் பிழை என்று பார்க்கிறார்கள்.

2009 புத்தாண்டு நாளில் ஆஸ்திரியாவில் நடந்ததைப் பாருங்கள். ஜெர்மனியின் துரிங்கியா மாநில முதலமைச்சர் டீட்டர் அல்தாவுஸ் பனிச்சறுக்கில் ஒரு பெண்ணோடு மோதினார். இவர் ஹெல்மெட் போட்டிருந்தார், கடும் காயத்தோடு தப்பினார். அந்தப் பெண் இறந்துபோனார். பதவியில் இருக்கும் முதலமைச்சர் என்று யாரும் கண்ணை மூடவில்லை. கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு அவருக்குத் தண்டப்பணம் விதித்தார்கள். ஹொலிவூட் நடிகை குவினெத் பால்ட்ரோ வழக்கும் நினைவிருக்கும். 2016இல் யூட்டாவில் நடந்த மோதலுக்கு 2023இல் வழக்கு. நாட்கணக்காக விசாரித்ததன் சாரம் ஒரே கேள்வி: யார் கீழே நின்றது, யார் மேலிருந்து வந்தது? கடைசியில் பிழை நடிகை மேல் இல்லை என்று ஜூரி சொல்லியது. இங்கே என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆள் இல்லை.

இதை நான் சொன்னால் "அது பனி, இது கடல்" என்பார்கள். சரி, கடலுக்கே வருவோம். கப்பல் மோதலைத் தடுக்க 1972இல் செய்த சர்வதேச விதிகளில் 13ஆவது விதி, முந்திச் செல்லும் கலம் முந்தப்படும் கலத்துக்கு வழிவிட்டு விலகிப் போகவேண்டும் என்கிறது. எங்கள் ஆட்களுக்கு இது தெரியாததும் இல்லை. கரைவலை வளைத்திருக்கும் நேரம் வலைக்கு மேலால் போட்டை ஓட்டிப் பாருங்கள், மீன் வாடியில் இருக்கிற அவ்வளவு பேரும் திரண்டு வருவார்கள். அதனால் எந்தப் போட்டும் அப்படிப் போவதில்லை, சுற்றித்தான் போகும். வலைக்கு இருக்கிற மரியாதை மனிசத் தலைக்கு இல்லை.

நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போனவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், 2003இலிருந்து தேசியப் பூங்கா. முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்க என்றே ஆட்கள் வருகிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதக்கிறவனுக்கு என்ன தெரியும்? கீழே மீன் தெரியும். எஞ்சின் சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாது. தண்ணீருக்குள் ஒலி காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது, இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். போட்காரருக்கோ அந்த ஆள் தண்ணீர் மட்டத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு. அதுவும் வெயில் எதிரே அடித்தால் அதுவும் இல்லை. அங்கே வருகிற ஆட்கள் செட்டை நுனி கறுத்த சுறாவைக் கண்டு பயந்து சாகிறார்கள். அந்தச் சுறா பாவம், மனிதரைக் கண்டால் ஓடிவிடும். பயப்பட வேண்டியது எஞ்சினில் சுற்றுகிற விசிறிக்கு.

போட்காரர் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரைதான் அவர்களுக்கு உழைப்பு. வாடைக்காற்று தொடங்கினால் போட்டைக் கரையில் ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண்ணெய் விலை, எஞ்சின் கடன், ஆள் பிடித்துத் தருபவருக்கு கமிஷன். ஒரு நாளைக்கு ஒரு பயணம் கூடுதலாக ஓடினால்தான் கையில் ஏதாவது மிஞ்சும், அதனால்தான் விரட்டுகிறார்கள். நல்ல பழைய ஆட்கள் தீவை நெருங்கும்போதே எஞ்சினைத் தணித்து, ஒருவரை முன்னணியத்தில் நிறுத்திப் பார்த்துப் பார்த்துத்தான் வருவார்கள். அவர்களையும் பின்னால் வருகிற அவசரக்காரர் ஊதி விரட்டுகிறார்கள்.

வருகிற சனமும் சும்மா இல்லை. தெற்கிலும் மேற்கிலும் கடல் குமுறும் மாதங்களில் இங்கே அலை அடங்கிக் கிடக்கும். ஆவணி விடுமுறை என்றால் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று வான் வானாக வந்து இறங்குவார்கள். லைஃப் ஜாக்கெட்டைப் படத்துக்கு அழகில்லை என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஓடுகிற போட்டின் நுனியில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறார்கள். போட்காரர் "போடுங்கோ" என்றால் "எங்களுக்கு நீந்தத் தெரியும்" என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கோ, இன்னும் வேகமாக என்று அவர்களே தூண்டுகிறார்கள். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளையும் சேர்த்துத் தண்ணீர் கொண்டு போனது. இந்த மாவட்டத்துக்கே அது தெரியும். அதற்குப் பிறகும் லைஃப் ஜாக்கெட்டுக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குளிக்கிற இடத்தைச் சுற்றி மிதவை கட்டிய ஒரு கயிறு. அதற்குள் எஞ்சின் வரக்கூடாது. போட்டும் ஜெட் ஸ்கியும் கரைக்கு வந்து போக ஒரு தனி வழி. தீவில் ஆட்கள் மிதக்கிற பக்கத்துக்கும் அதே கயிறு. அப்புறம் ஒவ்வொரு வண்டியிலும் தூரத்திலிருந்து படிக்கிற அளவில் ஓர் இலக்கம். பனிச்சறுக்கு விதிகளில் கடைசி, பத்தாவது, இதைப் பற்றியதுதான்: விபத்து நடந்தால் சம்பந்தப்பட்டவரும் சாட்சியும் பெயர் விலாசம் கொடுத்தாக வேண்டும்.

அந்த ஜெட் ஸ்கியைப் பற்றி முறையிடத் திங்கட்கிழமை ஓர் இடத்துக்குப் போனேன். எழுதுகிறவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, "நம்பர் என்ன?" என்றார்.

"நம்பர் ஒன்றும் இல்லை ஐயா. நீல நிறம்."

"நீலத்தில நிறைய ஓடுது. நம்பர் இல்லாம எப்பிடிப் பிடிக்கிறது?"

நம்பர் இல்லாமல் ஓட விட்டது யார் என்று கேட்டேன். அவர் பேனையை மூடிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.