மீனவப் பெண்களுக்குக் கரை மட்டும்தானா?

"கடலில் இறங்குவது ஆண்கள்தான், மீனவப் பெண்களுக்கு வேலை கரையில் மட்டுமே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கம் பெண்கள் தலைமுறைகளாக மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காதபடி விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் அகர் என்ற பொருளைத் தயாரிக்க உதவும் மரிக்கொழுந்துப் பாசி பெரும்பாலும் இவர்கள் கையால்தான் கரைக்கு வருகிறது. இவர்களை முன்னின்று வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது.

சினிமாவில் மீனவப் பெண் பெரும்பாலும் கூடை சுமப்பாள், இல்லையென்றால் கடலைப் பார்த்து அழுவாள். அதையே உண்மையென்று பரப்புவது இவர்கள் உழைப்பை மறைப்பது. அப்புறம், 1986-இல் இந்த வளைகுடாவின் 21 தீவுகள் தேசியக் கடல் பூங்கா ஆனபின் பாசி எடுக்கக் கட்டுப்பாடுகள் வந்தன. தொழில் உரிமைக்காக வாதாடியவர்களும் இந்தப் பெண்கள்தான்.