சிகாகோவில் 1983ல் நடந்தது அதிர்ஷ்டம் இல்லை

சிகாகோ மேயர் தேர்தல் பற்றிப் பேச்சு வந்தால் 1983 பற்றி ஒரு வரி தவறாமல் வந்து விழும். "வெள்ளைக்காரங்க ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சுது, நடுவுல ஹெரால்ட் வாஷிங்டன் ஜெயிச்சுட்டார்." சிகாகோவின் முதல் கறுப்பின மேயரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். இந்த ஊரில் பல வருடமாக இருக்கிறவன் என்ற முறையில் இதை எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. ஒரு பெரிய மக்கள் உழைப்பை ஒரே வரியில் தற்செயலாக ஆக்கிவிடுகிற பேச்சு இது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சிகாகோ 1837ல் நகரமானது. அப்போது மேயர் பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். பிறகு இரண்டு வருடமாகி, 1907லிருந்து நான்கு வருடம் ஆனது. அந்தப் பழைய காலத்தை விட்டுவிடலாம். இன்றைய அரசியலின் வேர் 1931ல் இருக்கிறது. அந்த வருடம் பொஹீமியாவில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்த ஆண்டன் செர்மாக், குடியரசுக் கட்சியின் 'பிக் பில்' தாம்ப்சனைத் தோற்கடித்தார். தாம்ப்சன் அவரைத் தள்ளுவண்டிக்காரன் என்று கேலி செய்தார், பெயரையும் கிண்டலடித்தார். ஆரம்பகால ஆங்கிலேயக் குடியேறிகள் வந்த மேஃப்ளவர் கப்பலில் நான் வரவில்லைதான், ஆனால் முடிந்தவரை சீக்கிரமாக வந்துவிட்டேன் என்று செர்மாக் பதில் கொடுத்தார். செக், போலிஷ், யூத, ஐரிஷ், இத்தாலிய மக்களை ஜனநாயகக் கட்சி என்ற ஒரே கட்சிக்குள் கட்டியது அவர் சாதனை. இரண்டே வருடத்தில், மயாமியில் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்த துப்பாக்கிக் குண்டு இவர் மேல் பாய்ந்து இறந்துபோனார். ஆனால் அவர் கட்டிய அமைப்பு சாகவில்லை. தாம்ப்சனுக்குப் பிறகு இன்றுவரை குடியரசுக் கட்சிக்காரர் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அந்த அமைப்பைத்தான் சிகாகோக்காரர்கள் 'மெஷின்' என்பார்கள். அதன் உச்சம் ரிச்சர்ட் ஜே. டேலி. 1955லிருந்து ஆறு தேர்தல் ஜெயித்து, 1976 டிசம்பரில் பதவியில் இருக்கும்போதே இறந்தவர். 50 வார்டு, ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கட்சிப் பொறுப்பாளர், அவருக்குக் கீழே சில நூறு ஓட்டுக்கு ஒருவர் என்று பிரீசிங்ட் கேப்டன்கள். குப்பை அள்ளவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, பையனுக்கு வேலை வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவரிடம் போக வேண்டும். தேர்தலன்று அவர் வீடு தேடி வருவார். டேலியின் பிடியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு வேலைகள் இருந்தன. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நீதிபதியாகவும் இருந்த ஆப்னர் மிக்வா, மாணவராக இருந்தபோது 1948ல் கட்சி வேலை செய்ய ஒரு வார்டு அலுவலகத்துக்குப் போனார். "யார் அனுப்பினது?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை, நானாகத்தான் வந்தேன் என்றார். யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை மிக்வாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த அமைப்பில் கறுப்பின மக்களின் இடம் என்ன என்பதைப் பார்த்தால்தான் 1983 புரியும். 1963ல் டேலிக்கு எதிராக நின்ற பெஞ்சமின் அடமாவ்ஸ்கி, வெள்ளையர் ஓட்டில் பாதிக்குமேல் வாங்கிவிட்டார். டேலியைக் காப்பாற்றியது தெற்கு, மேற்குப் பகுதியின் கறுப்பின வார்டுகள். பதிலுக்கு அந்த வார்டுகளுக்கு என்ன கிடைத்தது? நெரிசலான பள்ளிகள், வரிசையாக அடுக்குமாடிப் பொதுக் குடியிருப்புகள், கடைசியில் வரும் நகர சேவை. டேலி இறந்த அன்று மாமன்றத்தின் தற்காலிகத் தலைவராக இருந்தவர் வில்சன் ஃப்ராஸ்ட், கறுப்பினத்தவர். புதியவர் வரும்வரை நானே பொறுப்பு மேயர் என்றார். மேயர் அறையைப் பூட்டி, அவரை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். பேரம் முடிந்தபோது வெள்ளையரான மைக்கேல் பிலாண்டிக் மேயராகி இருந்தார், ஃப்ராஸ்டுக்கு நிதிக்குழுத் தலைமை. அந்தப் பூட்டிய கதவை தெற்குப் பகுதி மக்கள் மறக்கவில்லை.

1979 ஜனவரியில் பெரும் பனிப்புயல். தெருக்கள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. கூட்டம் தாங்காமல் ரயில்களை வேகமாக விடுவதற்காகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிறுத்தாமல் ஓட்டினார்கள். குளிரில் மேடையில் நின்றவர்களின் கண்ணெதிரே ரயில் தாண்டிப் போனது. அடுத்த மாதம் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த பிரைமரி தேர்தலில் பிலாண்டிக் தோற்றார், ஜேன் பர்ன் ஜெயித்தார். பனி கவிழ்த்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நிற்காமல் போன ரயில்தான் கவிழ்த்தது என்பேன் நான்.

பர்ன் அந்த ஓட்டுக்கு நன்றி காட்டவில்லை. பொதுக் குடியிருப்பு வாரியத்தில் கறுப்பின உறுப்பினர்களின் இடத்துக்கு வெள்ளையர்களை நியமித்தார். 1982 கோடையில் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அழைப்பில், நகரத்தின் சிகாகோஃபெஸ்ட் விழாவை மக்கள் புறக்கணித்தார்கள், ஸ்டீவி வொண்டர் தன் நிகழ்ச்சியை ரத்து செய்தார். வானொலிப் பத்திரிகையாளர் லூ பாமர் "83ல் பார்ப்போம்" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வாஷிங்டனை எல்லாரும் நிற்கச் சொன்னார்கள். அவர் உடனே தலையாட்டவில்லை. 1977 இடைத்தேர்தலில் நின்று 11 சதவீதம் மட்டும் வாங்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. ஐம்பதாயிரம் புது வாக்காளர்களைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார். மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் பதிவு செய்து காட்டினார்கள். உதவித்தொகை அலுவலக வாசலில், வேலையில்லாதோர் வரிசையில், தேவாலயங்களில் மேசை போட்டுப் பதிந்தார்கள். கூந்தல் பராமரிப்புப் பொருட்கள் செய்யும் சாஃப்ட் ஷீன் நிறுவனத்தின் எட் கார்ட்னர், தன் பணத்தையும் ஊழியர்களையும் இதற்காக இறக்கினார். ஓட்டுப் போட்டால் வேலை போய்விடும், உதவி நின்றுவிடும் என்று காலம் காலமாகப் பயந்தே வாழ்ந்தவர்களிடம் போய் உட்கார்ந்து, பேசி, படிவம் நிரப்பிய வேலை அது. ஒரு பிரமுகர் மேடையேறிப் பேசிவிட்டுப் போனதால் நடந்துவிடவில்லை. யாரும் அனுப்பாத ஆட்கள்தான் அதைச் செய்தார்கள்.

சரி, 'பிளவு' வாதத்துக்கு வருகிறேன். 1983 பிப்ரவரி பிரைமரியில் வாஷிங்டனுக்கு 36 சதவீதம், பர்னுக்கு 33, பழைய டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலிக்கு 30. எண்களை மட்டும் பார்த்தால் பிளவுதான் காரணம் போலத் தெரியும். ஆனால் ஆறு வருடத்துக்கு முன் 11 சதவீதம் வாங்கியவர் 36க்கு எப்படி வந்தார்? அந்தப் புது வாக்காளர்கள் இல்லாவிட்டால் மற்ற இருவரும் எத்தனை பிரித்தாலும் அவர் மூன்றாவதுதான் வந்திருப்பார்.

ஏப்ரல் 12ல் நடந்த பொதுத்தேர்தலில் பிளவே கிடையாது. ஒருவருக்கு ஒருவர். எதிரே குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டன். அரை நூற்றாண்டாக மேயர் தேர்தலில் தோற்றே வந்த கட்சி அது. திடீரென்று ஜனநாயகக் கட்சியின் வார்டுப் பொறுப்பாளர்களே வெளிப்படையாக எப்டன் பக்கம் போனார்கள். "காலம் கடக்கும் முன் எப்டன்" என்று விளம்பரம் ஓடியது. எதற்குக் காலம் கடக்கும் என்று யாரும் விளக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. குருத்தோலை ஞாயிறன்று முன்னாள் துணை அதிபர் வால்டர் மான்டேலுடன் வாஷிங்டன் செயின்ட் பாஸ்கல் தேவாலயத்துக்குப் போனபோது வாசலில் கூடியவர்கள் வசைபாடினார்கள். அதையெல்லாம் தாண்டி ஏறத்தாழ 6,68,000 ஓட்டு, 51 சதவீதத்துக்கு மேல். எப்டனுக்கு சுமார் 6,20,000. பதிவான வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். கறுப்பின மக்களின் ஓட்டு கிட்டத்தட்ட முழுமையாக, லத்தீனோ மக்களின் ஓட்டில் பெரும்பகுதி, ஏரிக்கரை வார்டுகளின் வெள்ளையர்களில் ஒரு பகுதி. மூன்றும் சேர்ந்துதான் கரை சேர்த்தன.

1987ல் என்ன நடந்தது என்பதையும் இந்த வாதக்காரர்கள் சொல்வதே இல்லை. அந்த முறை பிளவு வரக் கூடாது என்று எதிர்த்தரப்பினர் கவனமாகத் திட்டம் போட்டார்கள். பிரைமரியில் பர்ன் தனியாக எதிர்த்தார், வாஷிங்டன் 53 சதவீதம். பொதுத்தேர்தலில் ஓட்டுப் பிரியக் கூடாது என்றே எதிர்த்து நின்றவர்களில் ஒருவரான தாமஸ் ஹைன்ஸ் இரண்டு நாள் முன்பு விலகினார். அப்போதும் 53க்கு மேல். அதற்குப் பிறகும் ஒருவர் "பிளவு" என்றால் என்ன சொல்வது?

நடுவில் இருந்த நான்கு வருடங்கள் கொடுமையானவை. மேயர் ஜெயித்தாலும் மாமன்றத்தில் எட்வர்ட் வெர்டோலியாக், எட்வர்ட் பர்க் தலைமையில் 29 பேர் ஒரு பக்கம், மேயருக்கு 21 பேர். அவர் நியமித்தவர்களை நிறுத்திவைத்தார்கள், திட்டங்களை முடக்கினார்கள். மேயரின் தடையை (வீட்டோவை) மீற 34 ஓட்டு வேண்டும், அது அவர்களிடம் இல்லை. ஆக இரண்டு பக்கமும் நகர முடியாத நிலை. இதை உடைத்தது பேச்சுத்திறமை அல்ல, வரைபடம். 1980 கணக்கெடுப்புக்குப் பின் வரைந்த வார்டு எல்லைகள் கறுப்பின, லத்தீனோ மக்களின் ஓட்டுரிமையைக் குறைக்கின்றன என்று வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி 1986ல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல். 26வது வார்டில் லூயிஸ் குட்டியெரெஸ் ஜெயித்தபோது 25க்கு 25 ஆனது, சமநிலையில் மேயரின் ஓட்டு முடிவு செய்யும். மூன்று வருட முட்டுக்கட்டை அதோடு முடிந்தது.

1987 நவம்பர் 25 அன்று தன் மேசையிலேயே மாரடைப்பில் சாய்ந்தார் வாஷிங்டன். அடுத்த வாரம் மாமன்றம் விடிகாலை வரை கூடி, யூஜின் சாயரை மேயராக்கியது. சாயரும் கறுப்பினத்தவர்தான், ஆனால் அவருக்கு விழுந்த ஓட்டில் பெரும்பகுதி பழைய 29 பேர் பக்கத்திலிருந்து வந்தது. வெளியே திரண்ட ஆயிரக்கணக்கானவர்கள் விரும்பியது, மாமன்றத்தில் வாஷிங்டனின் வலதுகையாக இருந்த திமோத்தி எவன்ஸை. 1989ல் சாயர் பிரைமரியில் நின்றார், எவன்ஸ் தனிக் கட்சியில் பொதுத்தேர்தலில் நின்றார், இளைய டேலி இருவரையும் வென்று 22 வருடம் ஆண்டார். உண்மையான பிளவு எது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

விதியையும் மாற்றினார்கள். 36 சதவீதத்தில் ஒருவர் கட்சி வேட்பாளர் ஆகிவிடக் கூடாது, கட்சி அடையாளம் இல்லாமல் இரண்டாம் சுற்று வேண்டும் என்று வாஷிங்டனை எதிர்த்தவர்கள் 1986லேயே முயன்றார்கள். வாஷிங்டன் தரப்பு அப்போது தடுத்துவிட்டது. 1995ல் மாநிலச் சட்டமன்றம் சட்டமாக்கி, 1999 தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அந்த விதி யாருக்கு உதவியது என்று பாருங்கள். 2023 முதல் சுற்றில் பால் வாலஸ் 33 சதவீதத்தோடு முதலிடம், கறுப்பினத்தவரான பிராண்டன் ஜான்சன் 21 சொச்சம். பழைய முறையாக இருந்தால் வாலஸ் கை ஓங்கியிருக்கும். இரண்டாம் சுற்றில் ஜான்சன் 52 சதவீதத்தோடு மேயரானார்.

ஆனால் அந்தத் தேர்தலில் என்னை வருத்துவது வேறு. ஜான்சனும் வாலஸும் சேர்ந்து வாங்கிய மொத்த ஓட்டு சுமார் 6,12,000. 1983ல் தோற்ற எப்டன் ஒருவரே அதைவிட அதிகம் வாங்கினார். நகரத்தின் மக்கள்தொகை குறைந்திருப்பது உண்மைதான், ஆனால் பாதியாகிவிடவில்லை. பிப்ரவரிக் குளிரில் தேர்தல் வைத்தால் யார் வருவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நவம்பருக்கு மாற்றலாம், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 1983 பிரைமரியும் பிப்ரவரியில்தான் நடந்தது.

அடுத்த தேர்தல் 2027 பிப்ரவரி 23. நகர எல்லைக்கு வெளியே நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் இருக்கும் நம் நண்பர்களுக்கு இதில் ஓட்டுக் கிடையாது. நகர எல்லைக்குள் இருக்கிற, குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு உண்டு. அவர்களில் பலர் அதிபர் தேர்தலுக்கு மட்டும் போய்விட்டு மேயர் தேர்தலை விட்டுவிடுகிறார்கள். பஸ், போலீஸ், சொத்துவரி என்று அன்றாடம் தொடுகிற எல்லாம் இந்த ஓட்டில்தான் இருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் பதிவு செய்யுங்கள். உங்கள் கட்டடத்தில் இன்னும் நாலு பேரைக் கேளுங்கள், குடியுரிமை வாங்கியவர்களாக இருந்தால் போதும், எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் சரி. படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், வார இறுதியில் நானே வருகிறேன்.