டிரம் நிறையுற வரைக்கும்

எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ஒரு கேள்வி வரும்: "ஒரு மணி நேரம் ஜெபித்தீர்களா?" முடித்தவர்கள் கைகூப்பிய பொம்மை போடவேண்டும். எட்டு மாதம் நானும் போட்டேன். அதில் பாதி நாள் பொய். இருபது நிமிஷத்துக்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஓட்டுவேன். போன வருஷம் குழுவை விட்டு விலகினேன். விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் போய்விட்டேன் என்று பேச்சு வந்தது. வரட்டும்.

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறது மத்தேயு 6:6. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்க ஆச்சிக்குப் புறவாசலும் முருங்கை நிழலும் இருந்தது. இங்கே மும்பை தாராவியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும்போது எது அறைவீடு? மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா பத்தொன்பது பிள்ளை பெற்றவர். வீட்டில் தனியிடம் இல்லாமல், சமையல் ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். அந்த அம்மாவை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

எனக்கு வாய்த்தது தண்ணி டிரம். எங்கள் சந்தில் விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். குழாயில் டியூபைச் சொருகி நீல டிரம்முக்குள் விட்டுவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் பதினைந்து, இருபது நிமிஷம் வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள். நானும் எழுந்து போகமுடியாது. போனால் எதிர்வீட்டு மௌசி (மராத்தியில் சித்தி) டியூபை உருவி அவள் குடத்தில் விட்டுவிடுவாள். மனசு அலைந்தாலும் உடம்பு அங்கேயே கிடக்கும்.

அந்த நேரத்துக்கு பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், அவ்வளவுதான். சுவரில் மாட்டுகிற 23, 91, 121 மட்டுமல்ல, ஒன்றிலிருந்து வரிசையாக. மொத்தம் 150, ஐந்து மாதம் ஆகும். 6-ம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய துறவிகளின் ஒழுங்கில், முன்னோர் ஒரே நாளில் சொல்லி முடித்ததை நாம் ஒரு வாரத்திலாவது முடிப்போம் என்று இருக்கிறது. என் வேகத்தைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

வரிசையாகப் போனதில்தான் நாம் தாண்டிவிடுகிற சங்கீதங்கள் கையில் அகப்பட்டன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ல் தாவீது நேராகவே கேட்கிறார். 88 அதைவிட மோசம். கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை போய் மூன்றாம் மாதம் அந்தச் சங்கீதம் வந்தது. அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. அதையே இரண்டு தரம் வாசித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மாத ஸ்தோத்திரத்தில் ஒரு நாளும் அவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

கேட்பது தப்பு என்று சொல்லவில்லை. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கச் சொன்னவரே இயேசுதான். புதன்கிழமை மாஹிம் புனித மிக்கேல் கோயிலில் நொவேனா என்கிற தொடர் ஜெபத்துக்கு மெழுகில் செய்த குட்டி வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது. அதில் இந்துக்களும் நிற்பார்கள். இந்த ஊரில் சொந்தமாக ஒரு கூரை என்பது என்ன என்று வாடகை கொடுப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் மளிகைச் சீட்டை நீட்டிவிட்டு, கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்புகிற மாதிரி தினமும் செய்தால், அவர் யாரென்று எப்போது தெரிந்துகொள்வது?

மற்றவர்களுக்கான ஜெபத்தை ரயிலுக்குத் தள்ளிவிட்டேன். சயானில் ஏறினால் ஸ்டேஷனுக்கு ஒரு ஆள். மாட்டுங்கா தங்கச்சி, தாதர் மாமியார் (அங்கே கூட்டம் இடிப்பதால் சுருக்கமாக), பரேல் வந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கிற யாராவது. பைகுலா ஒருத்திக்கு. அவள் பேரைச் சொல்ல இன்னும் பல்லைக் கடிக்கவேண்டியிருக்கிறது. லேடீஸ் பெட்டியில் பஜனை பாடுகிற மராத்திப் பெண்கள் தாளத்தோடு தினமும் அதே மூலையில் இருப்பார்கள். யாரும் அவர்களிடம் பொம்மை போடச் சொன்னதாகத் தெரியவில்லை.

டிரம் நிறையப்போகும்போது தண்ணீர்ச் சத்தம் மாறும். கடகடவென்று விழுந்தது மெதுவாகிக் கம்மிப்போகும். அதுதான் எனக்கு ஆமென். நேற்று 131-ல் இருந்தேன், மூன்றே வசனம், தாயிடத்தில் இருக்கிற பால் மறந்த குழந்தை. சத்தம் மாறினது எனக்குக் கேட்கவே இல்லை. கணுக்கால் நனைந்ததும் தெரியவில்லை. மௌசிதான் "அகோ, பாணி! பாணி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து டியூபை உருவினாள்.