பூங்கா இடத்தின் பட்டா யார் பெயரில்?

மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தை வேலி போட்டு விற்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரிலும் இதே கதைதான். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு விட வேண்டும். அதையும் சாலைகளையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம் பதிவாகிவிடும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அந்தப் பட்டாவைக் காட்டித்தான் இடத்தை விற்கிறார்கள். அங்கேதான் வினை.

எங்கள் தெருக்கோடி பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரம் ஒன்று இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் அதைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, மனை எல்லைக்கு மஞ்சள் பூசிய கல் நட்டிருந்தார்கள். வயிறு எரிந்தது. ஒப்புதல் வரைபட நகலோடு பத்துப் பேர் அக்டோபர் 2 கிராம சபைக்குப் போனோம். பேச்சை மாற்றப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "தீர்மானத்தை எழுதுங்க, அப்புறம் கையெழுத்து போடுறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் சர்வேயர் வந்தார், கல்லும் போனது.

மனை வாங்கியவர்கள் உங்கள் பூங்காவின் சர்வே எண்ணைப் போட்டு, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே இணையத்தில் பாருங்கள். ஊராட்சி பெயரில் இல்லையென்றால் அடுத்த கிராம சபை வரை காத்திருக்காமல் தாசில்தாரிடம் மனு கொடுங்கள்.