காவல் வாகனத்தின் எண் தகடு யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது?

காவல் வாகனத்தின் எண் தகட்டில் ஓர் எண்ணின்மேல் மட்டும் நாடா ஒட்டப்பட்டிருப்பதையோ, கேமராவுக்குப் பிடிபடாதபடி தகடு மேல்நோக்கி வளைக்கப்பட்டிருப்பதையோ சிறிய விஷயம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

உலகில் எண் தகட்டை முதலில் கட்டாயமாக்கிய ஆணைகளில் ஒன்று காவல்துறையிடமிருந்தே வந்தது. 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் காவல் தலைமையகம் பிறப்பித்த அந்த ஆணை, உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் ஆகியவற்றைத் தாங்கிய உலோகத் தகடு ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இருக்க வேண்டும் என்றது. அத்தகடு ஒருபோதும் மறைக்கப்படக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. எண்ணைத் தானாகப் படிக்கும் கேமராவும் 1976இல் பிரிட்டனின் காவல்துறை அறிவியல் வளர்ச்சிப் பிரிவில்தான் உருவானது. அதன் கண்ணுக்கு எப்படித் தப்பலாம் என்பதைக் காவலர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது.

கேமரா பாய்ச்சும் அகச்சிவப்பு ஒளியைத் தகட்டின் பரப்பு திருப்பி அனுப்ப, மென்பொருள் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துப் படிக்கிறது. ஒரு பூச்சு, ஒரு நிறக் கண்ணாடி உறை, ஏன், காய்ந்த சேறுகூட இதைக் குலைத்துவிடும். எண் படிக்கப்படாமல் போவதோடு தீமை முடிவதும் இல்லை. 8 என்பதன் ஒரு பக்கம் மறைந்து 3 எனப் பதிவானால், அந்த இடத்துக்கே போகாத யாரோ ஒருவரின் வீட்டுக்கு அபராத அறிவிப்பு போகும். தான் அங்கே இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில் விழும்.

அவசர அழைப்புக்கு விரையும்போது வேக வரம்பையும் சிவப்பு விளக்கையும் கடக்கப் பல நாடுகளின் சட்டங்கள் காவல் வாகனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. கேமரா படம் எடுத்தாலும், அழைப்புப் பதிவேட்டைக் காட்டினால் அபராதம் நீங்கிவிடும். ஆகவே, நியாயமான பயணத்துக்கு மறைப்பே தேவையில்லை. காரணம் காட்ட முடியாத பயணத்துக்குத்தான் அது உதவுகிறது. மஃப்டியில் துப்பறிபவர்களுக்கு மறைவு வேண்டும் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதற்கு முறைப்படி பதிவுசெய்து வழங்கப்படும் மாற்று எண்கள் உண்டு, அவற்றை வழங்கியதற்கு ஓர் அதிகாரியின் கையொப்பமும் உண்டு. துறையின் பெயரும் நிறமும் தாங்கிய வாகனத்தில் எண்ணை மட்டும் மறைப்பது எந்தத் துப்பறிதலுக்கும் உதவாது.

சீருடைகள் ஒன்றுபோல் இருக்கின்றன, வாகனங்களின் வண்ணமும் ஒன்றுதான். இரவில் ஒருவரை ஏற்றிச் சென்ற வாகனம் எது என்று அவர் வீட்டார் கேட்கும்போது, அவர்கள் கையில் இருக்கக்கூடிய ஒரே பிடி அந்த எண். அதை மறைப்பதை ஒழுங்கீனமாகப் பார்த்துக் கண்டிப்பது போதாது, சான்றை அழித்த குற்றமாகவே விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் தகட்டைப் படம் எடுத்துப் பதிவேற்றவும், எண் தெளியாத காவல் வாகனப் படங்களைத் துறைக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு அழைப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஓட்டுநரை அடையாளம் காணவும் விதி செய்ய வேண்டும்.