எத்தனை ரிக்டர் தாங்கும்?

அணை, நிலநடுக்கம் என்று பேச்சு வந்தாலே முதலில் விழும் கேள்வி இதுதான். யாராவது ஓர் எண்ணைச் சொல்வார், கேட்டவர் நிம்மதியாகிவிடுவார். எனக்கு அந்த எண்மேல் பெரிய மரியாதை இல்லை. ரிக்டர் என்பது பூமிக்கடியில் வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. அணைக்கு வேண்டியதோ தன் காலடித் தரை எவ்வளவு ஆடும், எவ்வளவு நேரம் ஆடும் என்ற கணக்கு. பக்கத்திலேயே வரும் 6, எங்கோ தொலைவில் வரும் 8-ஐவிட மோசமாக உலுக்கலாம்.

மகாராஷ்டிராவின் கொய்னாவையே பாருங்கள். 103 மீட்டர் உயரக் கான்கிரீட் அணை. பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் 5 சதவீதம் வந்தால் தாங்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். 1967 டிசம்பர் 11 விடிகாலை நிலநடுக்கத்தில் அணைக்குள் இருந்த கருவியில் பதிவானது கிட்டத்தட்ட 50 சதவீதம்! அணை விழவில்லை. ஆனால் பின்பக்கச் சரிவு சட்டென்று மாறும் கழுத்துப் பகுதியில் விரிசல் ஓடிவிட்டது. அப்புறம்தான் முட்டுச்சுவர் வைத்துப் பலப்படுத்தினார்கள்.

மண் அணையின் பயம் வேறு. கலிஃபோர்னியாவின் லோயர் சான் ஃபெர்னாண்டோ அணை, மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டுப் படியவைத்து எழுப்பியது. 1971 பிப்ரவரியில் தரை குலுங்கியதும் உள்ளே இருந்த ஈரமண் கூழாகிவிட்டது; நீர்ப்பக்கக் கரை முகட்டோடு சேர்ந்து உள்ளே சரிந்தது. தண்ணீருக்குமேல் மிஞ்சிய கரை ஒன்றரை மீட்டர். கீழே சுமார் 80,000 பேரை வெளியேற்றினார்கள். அன்றைக்கு நீர்மட்டம் முகட்டுக்குப் பத்து மீட்டருக்கும் கீழே இருந்ததால் பிழைத்தார்கள். அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும்.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். பெரிய அதிர்வில் அணைக்குக் காயமே படக்கூடாது என்று கட்டமுடியாது. காயம் பட்டாலும் தண்ணீர் பீறிட்டுப் போகாமல் கட்டமுடியும். மண் அணை என்றால் நடுவில் அகலமான களிமண் சுவர், அதை ஒட்டி மணல் வடிகட்டி. விரிசல் வழியே கசிந்தாலும் களிமண் துகளை அந்த மணல் பிடித்து நிறுத்திவிடும். கரை ஒரு மீட்டர் அமுங்கினாலும் வழியாதபடி முகட்டில் கூடுதல் உயரம். நியூசிலாந்தின் கிளைட் அணையில் அடிப்பாறையில் நிலம் நழுவக்கூடிய பிளவு ஓடுகிறது என்று தெரிந்ததும், அணை அங்கே நகர்ந்துகொடுக்கவே ஓர் இணைப்பு வைத்தார்கள். தைவானில் ஷிகாங் அணைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1999 நிலநடுக்கத்தில் பிளவு நேராக அதன் அடியிலேயே கிழித்து, ஒரு பக்கத்தை மீட்டர் கணக்கில் தூக்கிவிட்டது.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது அடிமதகு. விரிசல் கண்ட அணையில் செய்யவேண்டிய முதல் வேலை நீர்மட்டத்தைக் குறைப்பது. மின்சாரம் போன இரவில், சாலை சரிந்துகிடக்கும்போது அந்த மதகு திறக்குமா? வண்டல் மூடிக் கிடந்தால்? ரிக்டர் எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதைக் கடைசியாக எப்போது முழுசாகத் திறந்து பார்த்தீர்கள்?