வித்தைக்காரரையும் சூனியம் எடுப்பவரையும் ஒன்றாக்காதீர்கள்

அண்ணே, "மேஜிக் காட்டுறவனும் சூனியம் எடுக்குறவனும் ஒண்ணுதான், ரெண்டுமே ஏமாத்து வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கைவித்தை ஒன்றாக இருக்கலாம், ஆனால் வித்தைக்காரர் இது தந்திரம் என்று சொல்லித்தான் காட்டுகிறார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம், எலுமிச்சையை அறுத்து ரத்தம் வருகிறது என்று காட்டிப் பணம் பிடுங்கினார் ஒருவர். அக்கா இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. அப்புறம் என் மாமாதான் செம்பருத்தி இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்து, காயவைத்து, அதே பழத்தை அறுத்தார். புளிப்பு பட்டதும் சாறு சிவப்பாக வழிந்தது. அக்கா கத்தியை வாங்கித் தானே ஒரு பழம் அறுத்துப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் விட்டது.

ஆவியோடு பேசுகிறோம் என்றவர்களின் குட்டை 1920களில் உடைத்த ஹூடினியே ஒரு மேஜிக்காரர்தான். போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்தும் அப்படித்தான். சாமியார்கள் விபூதி வரவழைப்பதை ஊர் ஊராகச் செய்துகாட்டி விளக்கினார்: கஞ்சியில் பிசைந்து காயவைத்த சாம்பல் உருண்டையை விரலிடுக்கில் ஒளித்து நசுக்குவது, அவ்வளவுதான். ஹூடினியையும் பிரேமானந்தையும் ஏமாற்றுக்காரர் என்பீர்களா?